குளிரைக் கண்டு மோட்டார் வண்டி அஞ்சுவது ஏன்?

மோட்டார் வண்டிக்கும் சூட்டுக்கும் உள்ள பகையை நாம் நன்கு அறிவோம். மத்தியான வெயிலிலே மலைப்பாதையில் ஏறும் பழைய வண்டி ஆவி கக்கி நிற்பதையும், சாரதி போத்தலுடன் நீரோடையைத் தேடி ஓடுவதையும் காணாதவர் நம் நாட்டிலே சிலரே. ஆனால், அந்த வண்டிக்குக் குளிரும் ஒரு பகைவன் என்பதை நாம் அவ்வளவாக உணர்வதில்லை. தை, மாசி மாதங்களிலே நுவரெலியாவின் புல்வெளிகளில் உறைபனி வெள்ளைத் துணி விரித்தாற்போலப் படர்ந்திருக்கும் சில அதிகாலைகளில், பழைய மொறிஸ் மைனர் வண்டி ஒன்றைக் கிளப்ப முயன்றவர்களுக்கு மாத்திரம் இதன் சிறு சாயல் தெரிந்திருக்கும்.

அந்தத் தொல்லையைப் பன்மடங்காகப் பெருக்கிப் பாருங்கள். கனடாவின் வினிப்பெக் நகரிலே தை மாதத்துச் சராசரி வெப்பநிலை, உறைநிலைக்குக் கீழே 16 பாகை சென்றிகிரேட் அளவினது. சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரிலோ அது 35 பாகைக்கும் கீழே சென்றுவிடும். அங்கே மக்கள் தங்கள் வண்டிக்கு மெத்தைபோல் தடித்த போர்வையைப் போர்த்துகின்றனர். கடைக்குச் சென்றால், திரும்பி வரும்வரை எஞ்சினை நிறுத்தாமலே ஓடவிட்டுச் செல்கின்றனர். நின்றுவிட்டால் மீண்டும் எழுமோ எழாதோ என்னும் அச்சமே காரணம். இன்று நம்மவர் குடும்பங்கள் பலவும் கனடாவிலும் நோர்வேயிலும் இத்தகைய குளிரோடு வாழப் பழகிவிட்டமையால், இது நமக்கும் அந்நியமான விஷயமன்று.

இரும்பாலும் அலுமினியத்தாலும் ஆன யந்திரத்துக்குக் குளிர் எப்படித் தெரியும்? உலோகத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. உலோகத்தைச் சூழ்ந்திருக்கும் எண்ணெய்க்கும், பற்றரியினுள் இருக்கும் அமிலத்துக்கும், தாங்கியிலுள்ள பெற்றோலுக்குந்தான் தெரியும். இம்மூன்றும் ஒரே வேளையிற் குன்றிவிடுவதே குளிர்காலக் காலையின் கதை.

எஞ்சின் விழித்தெழும் விதம்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். ஒரு சிலிண்டரில் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது, அந்தத் தள்ளுகையே அடுத்த சிலிண்டரில் புதிய வாயுவை உள்ளிழுத்து அமுக்குவதற்கு உதவுகிறது. நின்றுபோன எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. உறங்குபவனைத் தட்டி எழுப்புவதுபோல, வெளியிலிருந்து ஒரு சக்தி அதனைச் சுழற்றிவிட வேண்டும். இக்காலத்தில் அந்தப் பணியைச் செய்வது ஸ்டார்ட்டர் எனப்படும் சிறிய மின் மோட்டார். அது எஞ்சினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 தடவை சுழற்றும்.

இந்தச் சில விநாடிகளுக்குள் பல காரியங்கள் ஒழுங்காக நிகழவேண்டும். எஞ்சின் தடையின்றிச் சுழலவேண்டும். பெற்றோல் ஆவியாகிக் காற்றோடு கலக்கவேண்டும். கலந்த வாயுவைப் பற்றவைக்கத்தக்க தீப்பொறி பிளக்கிலே பிறக்கவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் எஞ்சின் இருமும், முனகும், ஆனால் எழாது.

எண்ணெய் பாணியாகும்போது

மோட்டார் எண்ணெயின் பணி, உராயும் உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவற்றைத் தேயாமற் காப்பது. எஞ்சின் சூடாயிருக்கையில் அந்த எண்ணெய் தண்ணீர்போல் இலகுவாக ஓடும். கடுங்குளிரிலோ, அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த கித்துள் பாணிபோலத் தடித்துவிடும். அதற்குள்ளே பிஸ்டன்களும் தண்டுகளும் பற்சக்கரங்களும் அசைய வேண்டுமாயின், எவ்வளவு பலம் செலவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இதமான காலநிலையில் எஞ்சினைச் சுழற்றுவதற்கு வேண்டிய பலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, உறைநிலைக்குக் கீழே 18 பாகையிலே வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு தீங்கும் உண்டு. தடித்த எண்ணெய் குழாய்களின் வழியே மெல்லவே ஊர்ந்து செல்லும். அது மேற்பகுதியை அடையும்வரை உலோகம் உலோகத்தோடு உராய்ந்து தேய்கிறது. எஞ்சினின் ஆயுளிலே பெருந்தேய்வு நிகழ்வது நெடும்பயணத்திலன்று, குளிர்ந்த நிலையிற் புறப்படும் அந்த முதற் கணங்களிலேதான் என்று யந்திரவியலாளர் கூறுவதன் காரணம் இதுவே.

எண்ணெய்த் தகரத்தின் மேலே ‘10டபிள்யூ-30’ என்பது போன்ற குறிகளை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அந்த ‘டபிள்யூ’ என்னும் எழுத்து, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாகச் சிறிதாக, எண்ணெய் கடுங்குளிரிலும் எளிதாக ஓடும். 0டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 35 பாகையிலும், 10டபிள்யூ எண்ணெயை 25 பாகையிலும், 20டபிள்யூ எண்ணெயை 15 பாகையிலும் சோதித்து, எஞ்சின் சுழலத்தக்க அளவுக்கு அது இளகியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அந்தக் குறியை இடுவர். பின்னால் வரும் எண், எஞ்சின் சூடேறிய பின் எண்ணெய் எவ்வளவு தடிப்பாயிருக்கும் என்பதைக் காட்டும். குளிரிலே சுருண்டு கிடந்து சூட்டிலே விரிந்துகொள்ளும் நீண்ட மூலக்கூறுகளைக் கலப்பதால், ஒரே எண்ணெய் இரு காலங்களுக்கும் பொருந்துகிறது.

பற்றரியின் பலம் குன்றுதல்

எஞ்சின் இரு மடங்கு பலம் கேட்கும் அதே காலையிலேதான் பற்றரி தன் பலத்தை இழந்து கிடக்கிறது. பற்றரி என்பது மின்சாரத்தை ஊற்றி வைத்திருக்கும் குடமன்று. அதனுள்ளே ஈயத் தகடுகளுக்கும் ஐதான கந்தக அமிலத்துக்கும் இடையே நிகழும் இரசாயனத் தாக்கமே மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. எந்த இரசாயனத் தாக்கமும் சூட்டிலே விரையும், குளிரிலே தாமதிக்கும். உறைநிலையை அடையும்போதே பற்றரியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒடுங்கிவிடுகிறது. அதற்கும் கீழே 18 பாகைக்கு இறங்கினால், பாதியளவுகூட மிஞ்சாது.

ஸ்டார்ட்டரின் பசியோ பெரும்பசி. முன்விளக்கு ஒன்று ஏறக்குறைய 5 அம்பியர் மின்னோட்டத்தை உட்கொள்ளும். சாதாரணக் கார் ஒன்றின் ஸ்டார்ட்டர் 100 முதல் 200 அம்பியர் வரை இழுக்கும். குன்றிய பற்றரியிடம் இத்தனையையும் கேட்டால் அதன் அழுத்தம் தாழ்ந்துபோகிறது. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரமும் அதே பற்றரியிலிருந்தே வருவதால், எஞ்சின் மெல்லச் சுழல்வதோடு தீப்பொறியும் மங்குகிறது.

ஈண்டு நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. குளிர் பற்றரியைக் கொல்வதில்லை. உண்மையிற் கொல்வது சூடு. கோடையின் வெப்பத்திலே தகடுகள் விரைந்து அரிக்கப்படுகின்றன. பற்றரி மாதந்தோறும் முதுமையடைகிறது. ஆனால் கோடையிலே எண்ணெய் இளகியிருப்பதால் நோயாளிப் பற்றரியும் எப்படியோ எஞ்சினை எழுப்பிவிடுகிறது. நோய் வெளியே தெரிவதில்லை. குளிர்காலத்தின் முதற் கடுங்குளிர் வந்ததும் உண்மை அம்பலமாகிறது. குற்றம் செய்தது கோடை. பழி சுமப்பது குளிர்காலம். வெப்ப நாடாகிய நம் நாட்டிலே பற்றரிகள் நீண்ட ஆயுள் பெறாமைக்கும் இந்தச் சூடே காரணம்.

மின்னேற்றம் குறைந்த பற்றரிக்கு மற்றுமோர் ஆபத்து உண்டு. நன்றாக மின்னேற்றப்பட்ட பற்றரியின் அமிலம், உறைநிலைக்குக் கீழே 60 பாகையிலும் உறையாது. மின்னேற்றம் தீர்ந்துபோன பற்றரியிலே அமிலம் பெரும்பாலும் நீராகிவிடுவதால், கீழே 10 பாகையை அண்மியதுமே உறைந்து, பெட்டியைப் பிளந்துவிடக்கூடும்.

ஆவியாக மறுக்கும் பெற்றோல்

திரவமாயிருக்கும் பெற்றோல் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று என்னும் நிறையிலே அவ்வாவி கலந்தால் நன்றாக எரியும். பெற்றோல் என்பது தனிப் பொருளன்று. எளிதில் ஆவியாவனவும் ஆவியாகத் தயங்குவனவுமாகிய பல திரவங்களின் கூட்டு. குளிரிலே முதல்வகை மாத்திரம் சிறிது ஆவியாகிறது. மற்றவை துளிகளாகவே நின்று, குளிர்ந்த குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே செல்லும் பெற்றோலின் அளவு சரியாயிருந்தும், எரியத்தக்க ஆவி போதாமற் போகிறது.

இதற்கு அக்காலப் பொறியியலாளர் கண்ட உபாயம் சோக் என்பது. காற்றின் வழியை ஒரு தகட்டினால் அடைத்து, பெற்றோலை மிகையாக உட்செலுத்தினால், அதில் ஒரு சிறு பகுதி ஆவியானாலும் போதும். நம் தெருக்களில் இன்றும் ஓடும் பழைய ஆங்கிலேயக் கார்களிலே அதற்கான குமிழைக் காணலாம். ஆயினும் அளவு மிஞ்சினால் அமுதும் நஞ்சன்றோ? சோக்கை மிகையாக இழுத்தால் பிளக் நனைந்து தீப்பொறி அற்றுப்போகும். அவ்வேளையில் சோக்கைத் தள்ளி, அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தவாறு சுழற்றினால், மிகையான பெற்றோல் காற்றோடு வெளியேறும்.

இன்றைய கார்களிலே சோக் இல்லை. எஞ்சினின் வெப்பநிலையைத் தானே அறிந்து, வேண்டிய அளவு பெற்றோலைத் தூவும் கருவி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. குளிர் நாடுகளின் சுத்திகரிப்பு நிலையங்களும், குளிர்காலத்திலே எளிதில் ஆவியாகும் பியூட்டேன் போன்ற பொருளைப் பெற்றோலில் அதிகமாகச் சேர்க்கின்றன.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியே இல்லை. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்றவாறு அமுக்கி, அதனாற் பிறக்கும் கடுஞ்சூட்டிலே எண்ணெயைத் தெளித்துப் பற்றவைப்பது அதன் முறை. குளிர்ந்த சிலிண்டரின் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், அதற்குக் குளிர்காலத் தொல்லை இன்னும் அதிகம். சிலிண்டருக்குள் மின்சாரத்தாற் செந்தணலாகும் சிறு தண்டு ஒன்றை வைத்தே இதனைச் சமாளிக்கின்றனர். அன்றியும், டீசலிலே மெழுகு கலந்திருக்கிறது. மலைநாட்டுக் குளிரிலே தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்து வெண்மையாகிவிடுவதுபோல, இந்த மெழுகும் கடுங்குளிரிலே திரண்டு, வடிகட்டியை அடைத்துவிடும். பெருங்குளிர்ப் பிரதேசங்களில் மெழுகு குறைத்த டீசலைத் தனியாக விற்பதும் இதன் பொருட்டே.

எலும்பை முறித்த ஹாண்டில்

ஸ்டார்ட்டர் தோன்றுமுன் எஞ்சினைச் சுழற்றியது மனிதனின் கையே. வண்டியின் முன்புறத்தில் வளைந்த இரும்பு ஹாண்டிலைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் சுற்றவேண்டும். தீப்பொறி காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டால், எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து, ஹாண்டில் சுற்றியவனின் கையைத் தாக்கும். மணிக்கட்டருகே இவ்வாறு நேரும் எலும்பு முறிவுக்கு ‘சாரதியின் முறிவு’ என்னும் பொருள்பட அந்நாளில் இட்ட பெயரை மருத்துவ நூல்கள் இன்றும் வழங்குகின்றன. பெருவிரலை ஹாண்டிலின் மறுபுறமாக வளைத்துப் பிடிக்காமல், மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கவேண்டும் என்று பழகுநருக்கு முதற்பாடமாகக் கற்பித்தனர்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான ஃபோர்ட் கம்பனியின் ‘ரீ மாதிரி’ வண்டிக்குக் குளிர்காலத்திலே ஒரு விசித்திரமான குணம் இருந்தது. அதன் கிளச்சுத் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருந்தன. குளிரிலே எண்ணெய் தடித்துத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எஞ்சின் எழுந்த மறுகணமே வண்டி தானாக முன்னே ஊர்ந்து, எதிரே நின்று ஹாண்டில் சுற்றியவன்மேல் ஏறவரும்! ஆகவே, அறிந்தவர்கள் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கினால் நிலத்திலிருந்து உயர்த்திவிட்டே ஹாண்டிலைத் தொட்டனர்.

இந்த அவலத்தை நீக்கியவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங். கடைகளிற் காசு வாங்கும் யந்திரத்தை மின்சாரத்தால் இயக்குவதற்கு அவர் முன்னர் ஒரு மோட்டார் அமைத்திருந்தார். சில விநாடிகள் மாத்திரம் ஓடும் மோட்டாராயின், சிறியதாயிருந்தும் பெரும்பலம் காட்டலாம் என்பது அப்போது அவர் கண்ட பாடம். அதே கருத்தை எஞ்சினுக்குப் பயன்படுத்தினார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களிலே ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. உடற்பலம் குறைந்தோரும் தனியாகக் காரோட்டும் காலம் அதனோடு பிறந்தது.

குளிர் நாட்டார் கண்ட உபாயங்கள்

கருவிகள் குறைந்த காலத்திலும் மனிதனின் யுக்தி குறையவில்லை. அலாஸ்காவிலும் வடகனடாவிலும் பனிவெளிகளிலே இறங்கிய விமானிகள், எஞ்சின் ஆறுமுன்னே எண்ணெயை முழுவதும் தகரத்திலே வடித்து, தங்குமிடத்துக்கு எடுத்துச் செல்வர். மறுநாட் காலையில் அதனை அடுப்பிலே சூடாக்குவர். விமானத்தின் மூக்கைக் கன்வசுத் துணியால் மூடி, உள்ளே சிறு அடுப்பை எரித்து எஞ்சினையும் சூடாக்கிய பின்னர், சூடான எண்ணெயை ஊற்றிக் கிளப்புவர். வேறு சிலர் இரவில் எஞ்சினை நிறுத்துமுன் எண்ணெயிற் சிறிது பெற்றோலைக் கலந்து இளக்கிவிடுவர். மறுநாள் எஞ்சின் சூடேறியதும் பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் பழைய தடிப்பை அடையும்.

இவ்வித ஆயத்தம் இல்லாதோர் அடைந்த கதியைச் சரித்திரம் சொல்கிறது. 1941ஆம் ஆண்டின் இறுதியிலே மொஸ்கோ நகரை நெருங்கிய ஜெர்மானியப் படையின் லொறிகளும் தாங்கிகளும், எண்ணெய் உறைந்து, பற்றரி ஓய்ந்து, நின்ற இடத்திலே நின்றன. போர்வீரர் எஞ்சினின் கீழே தீ மூட்டினர். எரிபொருட் பஞ்சத்திலும் எஞ்சினை நிறுத்தாது ஓடவிட்டனர். குறுகிய காலத்திலே போர் முடியுமென்று நம்பிக் குளிர்காலத்துக்கு ஆயத்தஞ் செய்யாதவர்களுக்கு அது பெரிய தண்டனையாயிற்று.

சாதாரண மக்களுக்கு எளிய வழியைக் காட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தவரான அன்ட்ரூ ஃபிரீமன். எஞ்சினின் தலையிலுள்ள போல்ற் ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் முடுக்கத்தக்க மின்சூடாக்கிக்கு அவர் 1949இல் காப்புரிமை பெற்றார். இன்று வினிப்பெக் போன்ற நகரங்களிலே, கார்களின் முகப்பிலிருந்து மின்வயரின் நுனி ஒன்று நாக்குப்போல வெளியே தொங்குவதைக் காணலாம். கார் நிறுத்துமிடங்களிலே வரிசையாக மின்செருகிகள் உண்டு. இரவிலே வயரைச் செருகிவிட்டால், எஞ்சினைச் சூழ்ந்த நீர் இளஞ்சூடாகவே இருக்கும், எண்ணெயும் இளகியிருக்கும். அந்த நீரும் தனி நீரன்று. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிந்து இரும்பையே பிளந்துவிடுமாதலால், கிளைக்கோல் என்னும் திரவத்தைச் சரிபாதியாகக் கலக்கின்றனர். அக்கலவை கீழே 35 பாகை வரை உறையாது.

எஞ்சினே இல்லாத மின்சாரக் கார் இத்தொல்லைக்கு முற்றுப்புள்ளி வைத்ததா? புறப்படுவதிலே அதற்குத் தடையில்லை. ஆயினும் அதன் பெரும் பற்றரியும் இரசாயனத்தையே நம்பியிருப்பதால், குளிரிலே அது ஓடும் தூரம் குறைகிறது. மின்னேற்றுவதற்கும் அதிக நேரம் பிடிக்கிறது.

உயிருக்கு உலை வைக்கும் புகை

குளிர்காலக் காலையைப் பற்றிப் பேசுமிடத்து, யாவற்றிலும் முக்கியமான ஓர் எச்சரிக்கையைக் கூறாது விடலாகாது. குளிர்ந்த எஞ்சினுக்கு மிகையான பெற்றோல் செல்கிறது என்று கண்டோம். அது முழுவதும் எரிவதில்லை. அரைகுறையாக எரியும் பெற்றோலிலிருந்து காபன் மொனொக்சைட் என்னும் நச்சுவாயு பிறக்கிறது. புகைக்குழாயிலே நச்சை நீக்கும் கருவியும் நன்கு சூடேறும்வரை வேலை செய்யாது. ஆகவே, எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையே புகை மிகவும் கொடியதாயிருக்கும் வேளை. அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலே ஒட்சிசன் பற்றும் இடத்தை, ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு அது கவர்ந்துகொள்ளும். தலைவலியும் மயக்கமும் வந்தபின் எழுந்து நடக்கவும் இயலாது.

குளிருக்கு அஞ்சிக் கராஜின் கதவை மூடிக்கொண்டு எஞ்சினைச் சூடாக்கியோரும், பனிக்குவியல் புகைக்குழாயை அடைத்திருப்பது அறியாது காருக்குள்ளே குழந்தைகளை அமர்த்தி எஞ்சினை ஓடவிட்டோரும் உயிரிழந்ததுண்டு. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. வண்டியை முற்றாக வெளியே எடுக்கவேண்டும். புகைக்குழாயின் வாயைத் துப்புரவாக்கிய பின்னரே சாவியைத் திருப்பவேண்டும்.

நெடுநேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்குவதும் தேவையில்லாத வழக்கம். எஞ்சின் எழுந்து அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழிந்ததும், முதல் சில மைல்களுக்கு விரையாது மெல்ல ஓட்டிச் சென்றால், நின்ற நிலையிலும் பார்க்க விரைவாகவே சூடேறும். ஸ்டார்ட்டரையும் விடாது அழுத்தலாகாது. பத்து விநாடி முயன்று, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, மீண்டும் முயல்வதே நன்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றரியை இலையுதிர் காலத்திலேயே சோதித்துக்கொள்வதும், காலத்துக்கேற்ற எண்ணெயை இடுவதும் அறிவுடையோர் செயல். கோடையில் மறைந்து கிடக்கும் குறையைக் கோடையிலேயே தேடிக் கண்டவனுக்கு, பனி விழும் காலையிலும் எஞ்சின் மறுக்காமல் எழுந்துகொள்ளும்.